மெல்ல விழிக்கும் காவல்

மேசைமேல் ஓர் இளம் பேராமை மல்லாந்து கிடக்கிறது. மயக்கம் ஏறிவிட்டது. தொண்டைக்குள் ஒரு குழாய். மூச்சை அடக்கிக் கடலடியில் நெடுநேரம் கிடக்கத் தெரிந்த உயிர். மயக்கத்தில் தானாக மூச்சு விடாது. பக்கத்தில் நிற்கும் பெண் ரப்பர் பையை அழுத்தி அழுத்தி அதற்கு மூச்சு ஊட்டுகிறார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் யாரும் பேசவில்லை.

முன்துடுப்பு உடலோடு சேரும் இடத்தில், கழுத்து மடிப்பில், வாலடியில், எங்கெல்லாம் தோல் மெல்லியதோ அங்கெல்லாம் கட்டிகள். காலிஃபிளவரைக் கிள்ளிக் கிள்ளி ஒட்டவைத்தது போல. சில வெளுத்த சிவப்பு, சில கறுப்பு. வலது கண்ணை ஒரு கட்டி மூடிவிட்டது. இடது கண்ணின் ஓரத்தில் இன்னொன்று அரும்பியிருக்கிறது. அதுவும் மூடினால் கடற்புல் எங்கே என்று தெரியாது, பட்டினியில் செத்துப்போகும்.

அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில், ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் மாரத்தான் என்ற ஊரின் ஆமை மருத்துவமனை இது. மோட்டல் நடத்திவந்த ரிச்சி மொரெட்டி 1986இல் தொடங்கியது. விருந்தினர் நீந்திய குளத்தில் கடல்நீரை விட்டு ஆமைகளை விட்டார்கள். இன்றும் இங்கே வரும் பேராமைகளில் பலவற்றை வீழ்த்துவது இந்தக் கட்டிநோய்தான். ஃபைப்ரோபாப்பிலோமடோசிஸ் என்று பெயர். 1938இல் நியூயார்க் மீன் காட்சியகத்தில் இருந்த, இதே தீவுக்கூட்டத்தின் கீ வெஸ்ட் பக்கத்திலிருந்து போன ஓர் ஆமையில்தான் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று இந்த நோயோடு ஒட்டியே வருகிறது.

லேசர் முனை கட்டியின் அடியைத் தொடுகிறது. மெல்லிய புகை. வெட்டும்போதே ரத்தக்குழாயையும் சுட்டு மூடிவிடுவதால் ரத்தம் அதிகம் போவதில்லை. மருத்துவரின் கை அவசரப்படவில்லை. ஒரு கட்டி, அடுத்த கட்டி. எடுத்ததை எல்லாம் ஒரு தட்டில் வைக்கிறார்கள். தட்டு நிறைகிறது.

இத்தனை வளரும்வரை உடம்பு என்ன செய்துகொண்டிருந்தது?

சும்மா இருக்கவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்தால் நம் ரத்தத்தில் பார்க்காதது தெரியும்: சிவப்பணு ஒவ்வொன்றிலும் உட்கரு. அவற்றுக்கு நடுவே சிவந்த மணிகள் நிறைந்த வெள்ளணுக்கள், ஹெட்டரோஃபில். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடுபவை இவைதான். ஆனால் நம் உடம்பில் சீழை நீர்த்துப்போகச் செய்யும் நொதிகள் இவற்றிடம் போதிய அளவில் இல்லை. அதனால் ஆமையின் சீழ் வடியாது, கெட்டிப்படும். பாலாடைக்கட்டியாக இறுகி, கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடும். கொல்ல முடியாததைச் சிறை வைக்கிற முறை. அந்தக் கெட்டிச் சீழைக் கத்தி வைத்துத்தான் எடுக்கவேண்டும்.

இரண்டாவது காவல், எதிர்ப்புரதங்கள், அதாவது ஆன்டிபாடிகள். அவை வருவதற்குப் பொறுமை வேண்டும். நம்மைப் போல அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டும் நிணநீர்க் கணுக்கள் ஆமைக்குக் கிடையாது. தைமஸும் மண்ணீரலும் குடலை ஒட்டிய திசுக்களுமே அந்த வேலையைச் செய்கின்றன. பேராமைக்குப் புதிய புரதம் ஒன்றை ஊசியில் ஏற்றிப் பார்த்தவர்கள், எதிர்ப்புரதம் முழு அளவில் எழ வாரங்கள், சில சமயம் மாதங்களே ஆவதைக் கண்டார்கள். பல பத்தாண்டுகள் வாழ்கிற உயிருக்கு அந்த வேகம் போதும் என்றுதான் இயற்கை விட்டிருக்க வேண்டும். தாய் ஆமை தன் எதிர்ப்புரதத்தில் ஒரு பங்கை முட்டையின் மஞ்சள் கருவுக்குள் வைத்து அனுப்புகிறது. மணலில் முட்டையிட்டு, குஞ்சு முகத்தைப் பார்க்காமலே திரும்பிப்போகிற தாய் கொடுக்கும் காப்பு அது. எனக்கு இந்த ஒரு செய்தி போதும், ஆமைகளை மதிக்க.

இந்தக் காவல் முழுவதும் தண்ணீரின் சூட்டுக்குக் கட்டுப்பட்டது. ஆமைக்கு உடம்புச் சூடு கடல் தருவதுதான். நீர் குளிர்ந்தால் வெள்ளணுக்களும் மந்தப்படும். நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆமையே விறைத்து மிதக்கும். 2010 ஜனவரிக் குளிரில் ஃபுளோரிடாவில் 4,500க்கும் மேற்பட்ட ஆமைகள் அப்படி விறைத்தன. காப்பாற்றிக் கொண்டுவந்த பிறகும், குளிரில் தளர்ந்த உடம்பில் நுரையீரல் தொற்று ஏறிச் செத்தவை உண்டு. மருத்துவமனையில் தொட்டி நீரின் சூட்டை இவ்வளவு கவனமாகப் பார்ப்பது வெறும் வசதிக்காக இல்லை. அதுவும் சிகிச்சைதான்.

மேசையில் இடது கண்ணோரம் சுத்தமாகிவிட்டது. மருத்துவர் நிமிர்ந்து கழுத்தைச் சொடுக்கிவிட்டு மறுபடி குனிகிறார்.

எதிர்ப்பு சக்தி குறைந்ததால் கட்டி வந்ததா, கட்டி வந்ததால் எதிர்ப்பு சக்தி குறைந்ததா? ஹவாயில் கடலில் வாழும் பேராமைகளின் ரத்தத்தைச் சோதித்து 2001இல் வந்த ஆய்வு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. கட்டி குறைவாக இருந்த ஆமைகளின் எதிர்ப்பு சக்தி நன்றாகவே இருந்தது. கட்டி பெருகியவற்றில்தான் விழுந்திருந்தது. அப்படியென்றால் கட்டிகளே காவலைத் தின்றுவிடுகின்றன. சுமையை இறக்கினால் காவல் எழுந்து நிற்கலாம். இந்த மேசையில் நடப்பது அதுதான். மருத்துவர் நோயை ஒழிக்கவில்லை. உடம்புக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கிறார். சில ஆமைகளுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் கட்டி பரவியிருப்பது தெரிந்தால், வலியில்லாமல் அவற்றின் உயிரை முடித்துவிடுகிறார்கள். வேறு வழியில்லை.

இந்த வைரஸ் ஆமைகளோடு பல லட்சம் ஆண்டுகளாக இருந்துவருகிறது என்று அதன் மரபணுவைப் படித்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியே இல்லாத ஆமைகளிலும் அது இருக்கிறது. நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது இப்போது ஏன் இப்படிப் பொங்க வேண்டும்? மாறியது வைரஸ் அல்ல, நீர் என்றுதான் நினைக்கிறேன். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் உப்பங்கழி இருக்கிறது. 1980களில் அங்கே பிடித்துப் பார்த்த இளம் பேராமைகளில் ஏறக்குறைய பாதிக்குக் கட்டி. சற்றுத் தள்ளி, திறந்த கடலோரப் பாறைத்திட்டில் மேய்ந்த ஆமைகளில் அந்த ஆண்டுகளில் ஒன்றுக்கும் இல்லை. வயலின் உரமும் ஊரின் கழிவுநீரும் வந்து தேங்குகிற உப்பங்கழி அது. ஹவாயிலும் நைட்ரஜன் அதிகம் கலக்கும் கரைகளில் நோய் அதிகம் என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. எந்தப் பொருள் எப்படிக் காவலைக் குலைக்கிறது என்ற கடைசிக் கண்ணி நிறுவப்படவில்லை. கழிவைத் தடுக்க அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மருத்துவர் கையுறையைக் கழற்றுகிறார். ஆமையைத் திருப்பி, ஓட்டின்மேல் ஈரத்துணி போர்த்துகிறார்கள். அது தனித் தொட்டிக்குத்தான் போகும். கட்டிநோய் ஆமைகளை மற்றவற்றோடு சேர்த்து வைப்பதில்லை. கட்டி மறுபடி முளைக்கிறதா என்று மாதக்கணக்கில் பார்ப்பார்கள். முளைத்தால் மறுபடி இதே மேசை. முளைக்காவிட்டால் கடல்.

லேசரால் கட்டியை எடுக்க முடியும். வைரஸை எடுக்க முடியாது. குணமாகிப் போகிற ஆமையும் அதைச் சுமந்தேதான் போகும். உப்பங்கழிக்குள் கழிவையும் உரத்தையும் விடுவதை நிறுத்துங்கள். மெதுவாக விழிக்கிற அந்தக் காவலுக்கு நாம் செய்யக்கூடிய உதவி அது ஒன்றுதான்.