தீவகமும் முதற் கமராவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே ஆழங் குறைந்த கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளைத் தீவகம் என்று வழங்குவர். விடுமுறை நாட்களில் அங்கே செல்லும் மாணவர் யாவரிடத்தும் இன்று கைத்தொலைபேசி உண்டு. அவருட் சிலர்க்கு அதிலுள்ள கமரா போதாதென்று தோன்றுகிறது. நல்லதொரு கமரா வாங்க வேண்டும் என்னும் ஆவல் பிறக்கிறது. ஆவல் பிறந்த அன்றே வீட்டில் வழக்கும் பிறக்கிறது. "இத்தனை பணங் கொடுத்து இதனை ஏன் வாங்க வேண்டும்?" என்று தந்தையார் கேட்கிறார். நியாயமான கேள்விதான். எந்தப் படங்களை எடுக்கப் போகிறோம் என்று தெளிந்தாலன்றி எந்தக் கருவி வேண்டும் என்பது விளங்காது. அந்தத் தெளிவைப் பெறுவதற்குத் தீவகத்தைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை.

முதலிற் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்பது, வில்லையினூடாக வரும் ஒளியை உள்ளேயுள்ள ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும் கமரா. விசையை அழுத்தும்போது கண்ணாடி உயர்ந்து வழிவிட, ஒளி பின்னேயுள்ள உணரியில் விழுந்து படமாகிறது. 2003ஆம் ஆண்டில் கெனான் நிறுவனம் ஆயிரம் டொலருக்குக் குறைந்த விலையில் இத்தகைய கமராவை விற்கத் தொடங்கிய பின்னரே இது பொழுதுபோக்காளர் கைக்கு எட்டியது. 2018 முதல் கெனானும் நிக்கோனும் தம் கவனத்தைக் கண்ணாடியற்ற புதுவகைக் கமராக்களின் மேற் செலுத்தி வருகின்றன. ஆதலின் பழைய வகைக் கமராக்கள் பல, நல்ல நிலையில், குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. சிக்கனமாய்த் தொடங்க விரும்புவோர்க்கு இஃது ஏற்ற காலம்.

இனிப் புறப்படுவோம். பண்ணைப் பாலத்தைக் கடந்தால் இருமருங்கும் கடல். வலை கட்டிய கம்புகளும் நீர்ப்பறவைகளும் கண்ணுக்கு விருந்தாகும். வேலணையூடாகச் செல்லும் வழி ஊர்காவற்றுறையில் முடிகிறது. யானைகளைக் கப்பலேற்றிய துறையாதலாற் போர்த்துக்கேயர் தம் மொழியில் யானைத்துறை என அழைத்தனர். அதுவே சிதைந்து ஆங்கிலத்திற் கயிற்ஸ் ஆயிற்று என்பர். கரையில் நின்று நோக்கினால், காரைநகர்ப் பக்கமாகக் கடல் நடுவே ஒரு கோட்டை தோன்றும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை அது.

இங்கே முதற் பாடம். புதிய கமராவுடன் வழக்கமாகக் கிடைப்பது 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையிலான வில்லை. அதனாற் பார்த்தால் நீரும் வானும் நிறைந்திருக்க, கோட்டை ஒரு தீப்பெட்டியளவாய்க் கிடக்கும். 200 மில்லிமீற்றர் வில்லையை மாட்டினால் அதே இடத்தில் நின்றபடி ஏறத்தாழ மூன்றரை மடங்கு பெரிதாய்க் காணலாம். கமராவின் உடல் மாறவில்லை, மாறியது வில்லை. எனவே உடலுக்கே பணம் முழுவதையும் கொட்டிவிட்டு வில்லைக்குக் கையை விரிப்பது, மாளிகை கட்டிவிட்டுச் சாளரம் வைக்க மறப்பதை ஒக்கும்.

அங்கிருந்து திரும்பி, வேலணை வழியே புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் துறையை அடைந்தால், நயினாதீவுக்குப் படகு உண்டு. பயணம் கால் மணி நேரந்தான். படகில் வில்லையைக் கழற்றி மாட்டுதல் கூடாது. உப்பு நீர்த் திவலை உள்ளே புகுமாயின் பின்னர் வருந்த நேரும். படகு ஆடும், நம் கையும் ஆடும். 50 மில்லிமீற்றர் வில்லைக்கு 1/80 விநாடி, 200 மில்லிமீற்றருக்கு 1/300 விநாடி, அல்லது அதனிலும் விரைவு என்று கணக்கு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் படம் கலங்காது.

நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் அமைந்திருக்கின்றன. ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் அடியார் கூட்டம் கடலெனத் திரளும். ஆலயங்களின் உள்ளே விதிமுறை அறிந்து, அனுமதி பெற்றே கமராவைத் தொடல் வேண்டும். கருவறைப் பக்கம் திருப்பவே கூடாது. மாலை மயங்கியபின் வீதியில் விளக்கொளியில் நிற்கும் முகங்களே படத்துக்குப் போதும். ஆனால் அந்த ஒளி மிகச் சிறிது. சாதாரண வில்லையின் ஒளித்துளை 50 மில்லிமீற்றர் அளவில் எஃப் 5.6 வரையே திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீற்றர் வில்லை அதனிலும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட ஒளியை உள்ளே விடும். 1/10 விநாடி வேண்டிய இடத்தில் 1/90 விநாடி போதும். வில்லைகளுள் விலை குறைந்தவற்றில் இதுவும் ஒன்று. முதலில் ஒரே ஒரு வில்லைதான் கூடுதலாக வாங்க இயலுமென்றால், மனித முகங்களை விரும்புவோர் இதனையே வாங்கலாம்.

மூன்றாம் பாடம் நெடுந்தீவில். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். முருகைக்கற்களை அடுக்கிய வெண்மதில்கள், பெருக்கு மரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, வெட்டவெளியிற் கட்டின்றி மேயும் குதிரைகள் ஆகிய யாவும் சுடுவெயிலில் நிற்கின்றன. அந்த வெயிலிற் கைத்தொலைபேசியின் திரை கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. கண்ணோடு பொருத்திப் பார்க்கும் கமராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி வழியே பார்ப்பதற்கு மின்சாரமும் செலவாகாது. நிக்கோன் டி3500 போன்ற எளிய கமரா ஒருமுறை மின்னேற்றினால் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுக்கும் என்பது அதன் தரக்கணக்கு. வெண்மதில்களைப் படமெடுக்கும்போது கமரா ஏமாந்து சாம்பல் நிறமாக்கிவிடும். ஒளியளவை ஒரு படி கூட்டினால் வெண்மை மீளும். குதிரைகளை நெருங்கி விரட்டாமல் தொலைவில் நின்றே எடுத்தல் நன்று. கோடையில் நீரின்றி அவை வருந்துவதுண்டு.

இத்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்ஃப்ற். அது அவர் நாட்டு நகரொன்றின் பெயர். அந்நகரில் 1632இற் பிறந்தவர் லீவன்ஹுக். துணி வணிகராயிருந்து, தம் கையாலேயே சிறு வில்லைகளைத் தீட்டி, கண்ணுக்குப் புலனாகாத உயிர்களைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர். எளிய கருவியும் பொறுமையான பார்வையும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அவரே சான்று.

கடைக்குச் செல்லுமுன் சில குறிப்புக்கள். மெகாபிக்சல் எண்ணைக் கண்டு மயங்கல் வேண்டா. 12 அங்குலம் நீளமும் 8 அங்குலம் அகலமும் உள்ள தெளிவான அச்சுப் படத்துக்கு ஒன்பது மெகாபிக்சலே போதும். இன்றைய எளிய கமராக்கள் 24 தருகின்றன. பழைய கமரா வாங்கும்போது எத்தனை படம் எடுத்தது என்று கேளுங்கள். ஒளித்துளையை எஃப் 16 வரை சுருக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பாருங்கள்; உணரியில் தூசு இருப்பின் புள்ளிகளாய்த் தெரியும். வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சணம் உண்டோவென நோக்குங்கள். கடற்கரைச் சென்று மீண்டதும் ஈரத்துணியால் உடலைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். கைக்குப் பாரமான கமரா விரைவில் வீட்டு அலுமாரிக்குச் சொந்தமாகிவிடும்.

தந்தையாரின் கேள்விக்கு விடை தீவகத்தின் வீதிகளிலேயே உண்டு. 1990ஆம் ஆண்டிற் போரின் காரணமாக இங்கிருந்து பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தனர். பலர் கடல் கடந்தும் சென்றனர். வேலணையிலும் புங்குடுதீவிலும் கூரையிழந்த வீடுகள் இன்றும் உள்ளன. முற்றத்து மரம் வீட்டினுள்ளே வளர்ந்து நிற்கிறது. உயிரைக் காத்துக்கொண்டு புறப்பட்டவர் படப்பெட்டியைத் தூக்கிச் செல்ல எங்ஙனம் இயலும்? பாட்டியின் திருமணப் படமோ, பாட்டன் தோணியருகே நின்ற படமோ ஒன்றேனும் எஞ்சாத குடும்பங்கள் பல. வெயிலும் மழையும் அந்தச் சுவர்களையும் நெடுங்காலம் விட்டுவையா. அவற்றின் கதையைச் சொல்லும் முதியோரும் ஆண்டுதோறும் குறைகின்றனர்.

ஆகவே மாணவர்களே, முதற் கமரா எளியதாயிருக்கட்டும், வில்லை நல்லதாயிருக்கட்டும். மிஞ்சும் பணத்தைப் படகுக்கும் பயணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த படங்களுள் சிறந்தவற்றைக் கடதாசியில் அச்சிட்டு, பின்புறத்தில் ஊரின் பெயரையும் ஆளின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்றைப் படத்திலிருக்கும் முதியவர் கையிற் கொண்டுபோய்க் கொடுங்கள்.