கண்மாய் மைதானம்

திருச்சுழிப் பக்கம் கண்மாய் வற்றிக்கிடக்கும் மாதங்கள்தான் எங்களுக்கு கிரிக்கெட் சீசன். சீமைக்கருவேலங் குச்சிதான் ஸ்டெம்ப். மழை பெய்தால் அப்பாக்கள் முகத்தில் சிரிப்பு வரும். எங்கள் டீம் கலைந்துவிடும்.

அந்த டீமின் வேகப்பந்து வீச்சாளர் என் பெரியப்பா மகன். வெடித்த கரிசலில் பந்து எகிறும். பத்தாவதோடு நின்று, அருப்புக்கோட்டையில் தறிக்குப் போய்விட்டார்.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது மதுரைக்கும் ஒரு அணி கிடைத்தது. பெயர்தான் மதுரை. ஆடியதெல்லாம் சென்னை, நத்தம், திருநெல்வேலி. முதல் இரண்டு வருடமும் தோல்விமேல் தோல்வி. 2018-ல் 'மதுரை பாந்தர்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டார்கள்.

அன்று அண்ணன் வீட்டில்தான் டி.வி. பார்த்தேன். திண்டுக்கல் 117-ல் சுருண்டது. மதுரைக்கும் சடசடவென்று மூன்று விக்கெட். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அருண் கார்த்திக் நின்று 75 அடித்தார். கோப்பை மதுரைக்கு.

''அப்பவே இப்படி ஒண்ணு இருந்திருந்தா நீங்க போயிருப்பீங்களாண்ணே?''

''இருந்தாலும் நம்மகிட்ட யார்றா வந்து சொல்லியிருப்பா?'' என்றார்.

மதுரையில் கோச்சிங் போகணும் என்று அவர் மகன் இரண்டு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான். தறி வேலைக்கு ஆளில்லை என்று மறுத்துவந்தவர், மறுநாள் விடியற்காலையில் அவனை எழுப்பினார்.

''இந்தா, பஸ்ஸுக்குக் காசு. தறியை நான் பாத்துக்கிறேன்.''