மறுமொழியின் தலைப்பு

மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதுங்கால் தலைப்பை எவரும் தேர்வதில்லை. பழைய தலைப்பின்முன் ‘ரீ’ என்னும் இலத்தீன் சொல்லை மென்பொருளே இட்டுவிடுகிறது. பேச்சு எங்குச் சென்றாலும் தலைப்பு அப்படியே நிற்கும்.

வட்டகொடை லயன்களில் வாழ்வோர்க்கு இது புதிதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் முன்னோருட் பெரும்பாலார்க்குக் குடியுரிமையை மறுத்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது, கேட்பாரின்றி! 2003இல் குடியுரிமை வழங்கிய சட்டமும் தன் பெயரில் இந்திய வம்சாவளியையே தாங்கிற்று. செய்தி மாறியது, தலைப்பு மாறவில்லை.

‘மலையகத் தமிழர்’ என்று எழுதினால் இந்தியத் தொடர்பு அறுந்துபோகும் என அஞ்சுவாரும் உளர். ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் உரையாடல் பிரிவது உண்மையே. ஆயினும் மடலுள் மறைந்துள்ள அடையாளக் குறியைப் பின்பற்றும் மென்பொருள்களில், தலைப்பு மாறினும் இழை அறுவதில்லை.