கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு வேறு எழுத்து

மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி தொடங்கிவிடுகிறது. அங்கே ஒரு சந்தில், இரண்டு தையற்கடைகளுக்கு நடுவே, எட்டடி அகலத்தில் ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே திருமண அழைப்பிதழ்களும், கோயில் கொடை நோட்டீசுகளும், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும் தமிழில் தயாராகின்றன. கடைக்காரருக்கு அறுபத்திரண்டு வயது. பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. பிறந்ததும் வளர்ந்ததும் தாராவி.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. கடையில் இருந்த கணினி பத்து வயதைக் கடந்தது. புதிதாக வாங்கவும் மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பும் வழக்கம் வந்தபிறகு அச்சுவேலை பாதியாகிவிட்டது.

பொறியியல் படிக்கும் அக்கா மகள்தான் வழி சொன்னாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு மாமா. உள்ள இருக்கறத மட்டும் மாத்திடலாம்." ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லினக்ஸ் மின்ட் ஏறியது.

அவர் பயந்த இடங்களில் ஒன்றும் நேரவில்லை. முதல் பயம் விசைப்பலகை. இளமையில் தமிழ்த் தட்டச்சு பயின்றவர் அவர். ய, ள, ன, க, ப என்று இடக்கை விரல்கள் கற்ற வரிசையைத் தவிர வேறொன்றை அவர் கை அறியாது. லினக்ஸில் அந்தத் தட்டச்சு வரிசை தமிழ்99-க்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டாவது பயம் பேஜ்மேக்கர். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது. ஆனால் அதன் கோப்புகளைத் திறக்கும் வசதி 2015 முதல் லிப்ரே ஆபீஸில் இருக்கிறது. பழைய அழைப்பிதழ் ஒன்றைத் திறந்தார்கள். பிள்ளையார் சற்று இடம் பெயர்ந்திருந்தார், ஓரக்கோடுகள் கலைந்திருந்தன. மற்றபடி தாள் திறந்தது.

திறந்த தாளில் தமிழ் இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே வரிவரியாக நின்றன.

காரணம் அவருக்கு ஓரளவு தெரியும். ஈழத்தமிழர் வெளியீடுகளிலும் தமிழகத்து டி.டி.பி. கடைகளிலும் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவில் செய்த கோப்பு அது. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அந்த ஐந்து குறிகளுக்கும் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு விலகினால் தமிழும் விலகிவிடும். இத்தனை ஆண்டுகளாகத் தாம் தமிழில் வேலை செய்வதாக அவர் நம்பியிருந்தார். அந்தக் கணினிக்குத் தான் தமிழைச் சேமிக்கிறோம் என்பதே தெரிந்திருக்கவில்லை.

இது அவர் ஒருவரின் கதையன்று. 1991-இல் வெளியான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அதைத் திரையில் சரியாகக் கோத்துக் காட்டும் வசதி விண்டோஸில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொருவரும் ஒரு குறியேற்றம் செய்தனர். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாக வழங்கிய மயிலை, மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், இணையக் குழுக்கள் கூடி வகுத்த திஸ்கி எனப் பல. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டை ஏற்றது. 2010-இல்தான் யூனிகோடுக்கு வந்துசேர்ந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய தமிழர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு காலத்து எழுத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தனர்.

அவள் பாமினி எழுத்துருக் கோப்பைப் பழைய வன்தட்டிலிருந்து எடுத்துப் புதிய அமைப்பில் நிறுவினாள். தமிழ் திரும்பியது. மாற்றம் முடிந்தது என்றே இருவரும் நினைத்தனர்.

அடுத்த வாரம் தாராவியிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். தம் மகளின் திருமண அழைப்பிதழ் வேண்டும் என்றார். 2004-ஆக இருக்கலாம், இதே கடையில் அடித்தது. வீட்டில் இருந்த பிரதி 2005 ஜூலை 26 வெள்ளத்தில் டிரங்குப் பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாகி, மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்துக்குப் போகவொட்டாமல் திரும்பி நின்ற நாள் அது.

"இத்தன வருசம் கழிச்சு எதுக்குக்கா?" என்றார் கடைக்காரர்.

தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் வீடுவீடாகத் தொடங்கிய கணக்கெடுப்பில் அவர்கள் கதவிலும் எண் எழுதப்பட்டாயிற்று. எங்கே போகப்போகிறோம் என்று தெரியாது. "பேரம்பேத்திகளுக்கு ஊரும் தெரியாது, ஒறவும் தெரியாது தம்பி. அந்த ஒரு தாள்லதான் எல்லாரும் இருந்தாங்க" என்றார் அவர்.

இதை மிகையென்று சொல்ல முடியாது. புலம்பெயர்ந்த குடும்பத்தின் அழைப்பிதழ் ஒரு சிறு ஆவணக்காப்பகம். இன்ன ஊர், இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள், தாய்மாமன்மார் யார், இப்போது யார் எந்தச் சாலில், யார் வளைகுடாவில் என்பதெல்லாம் ஒரே தாளில் வரிசைப்பட்டு நிற்கும். அந்தக் குடும்பம் வேறெங்கும் அவற்றை எழுதி வைத்திராது.

ஆனால் எங்கே தேடுவது? பதினொரு குறுந்தகடுகள். கோப்புப் பெயர்களோ 'கல்யாணம் 17', 'கல்யாணம் 17 புதுசு' என்ற ரீதியில். திறந்து திறந்து பார்த்தால் மாதங்கள் ஆகும். உள்ளடக்கத்தைத் தேடவேண்டுமானால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். விண்டோஸில் அவர் பயன்படுத்திய மாற்றி இங்கே ஓடவில்லை. பைத்தான் மொழிக்கான ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பில் பழைய குறியேற்றங்களை மாற்றும் பகுதி இருப்பதை அவள் கண்டுபிடித்தாள். கோப்புகளிலிருந்து எழுத்தை மட்டும் பிரித்து இரவெல்லாம் ஓடவிட்டாள்.

மணமகளின் பெயர் 'சௌ' என்று தொடங்குவது. தேடியபோது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, "சௌபாக்கியவதின்னு போட்டுத் தேடு" என்றார். தாராவி அழைப்பிதழ்களில் மணமகள் பெரும்பாலும் 'திருவளர்ச்செல்வி'. மாட்டுங்காக் குடும்பங்கள் கேட்பதோ 'சௌபாக்கியவதி'. எத்தனை நூறு முறை அவர் கையால் அடித்த சொல் அது. அதுவும் இல்லை என்றது கணினி. அப்போதுதான் குறை தேடலில் இல்லை, எழுத்தில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

அவர் கோப்பைத் திறந்து விரலால் காட்டினார்: இதோ, சௌபாக்கியவதி. கண்ணுக்குப் பழுதில்லை. அவள் ஆங்கிலவழியில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதனாலோ என்னவோ, வடிவத்தை விட்டுவிட்டு எண்களைப் பார்த்தாள். அவள் விசையில் அடித்த 'சௌ' இரண்டு எண்கள்: 2970, 3020. கோப்பில் இருந்ததோ மூன்று: 2970, 3014, 2995. அதாவது சகரம், எகரக் கொம்பு, ளகரம்.

பழைய தட்டச்சுப் பழக்கத்தில் ஔகாரக் குறியின் வலப்பாதிக்குத் தனி விசை கிடையாது, ளகரத்தையே அடிப்பார்கள். தாளில் வேறுபாடு தெரியாது. யூனிகோடுக்கோ 'சௌ' ஒரு மெய்யும் ஓர் உயிர்க்குறியும். 'செள' என்பது 'செ', 'ள' என்னும் இரண்டு எழுத்துகள். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கண் மன்னித்துவந்த பிழையைக் கணினி மன்னிக்கவில்லை.

கொம்பும் ளகரமும் சேர்ந்து வருமிடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிட்டாள் அவள். சௌபாக்கியவதிகள் குவிந்தனர், ஆனால் எல்லா வெள்ளிக்கிழமைகளும் உடைந்தன. 'வெள்ளி'யின் முதல் ளகரம் காணாமற்போய், அமர இடமில்லாத புள்ளி ஒரு புள்ளிவட்டத்தின்மேல் தொங்கியது. 'வெளியூர்', 'தெளிவு' எல்லாம் அப்படியே.

விதியைச் சொன்னவர் கடைக்காரர். "ளகரத்துமேல புள்ளியோ, பக்கத்துல கொக்கி, கால் மாதிரி ஏதாவதோ இருந்தா அது நெசமான ளகரம். வெறும் ளகரமா நின்னா மட்டும் மாத்து." ஓர் உயிர்க்குறியின்மேல் இன்னொரு குறி ஏறாது என்னும் இலக்கணம்தான் அது, அவர் கைப்பழக்கமாக அறிந்திருந்தார். அவள் அதை ஒரு வரி நிரலாக எழுதினாள். வாசிக்கத் தெரிந்தவருக்குப் பிழை தெரியவில்லை. பிழையைக் கண்டவளுக்கு விதி தெரியவில்லை. ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அந்த அழைப்பிதழ் கிடைத்திராது.

கிடைத்தது. 2004 அன்று, 2003. மூதாட்டி கண்ணாடியை மாற்றிக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். சிலருக்கு முன்னால் நிறுத்தி, இன்னார் இப்போது இல்லை என்றார். அக்கா மகள் அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டாள். அச்சிட்ட இரண்டு பிரதிகளுக்கும் கடைக்காரர் பணம் வாங்கவில்லை.

இரண்டு குறுந்தகடுகள் இன்னும் திறக்கவில்லை. எந்த எழுத்துருவில் செய்தது என்று தெரியாத ஒரு கோப்புறையும் அப்படியே கிடக்கிறது. இப்போது கடையில் முடியும் ஒவ்வொரு அழைப்பிதழும் வெறும் யூனிகோடு உரையாகவும் தனியே சேமிக்கப்படுகிறது. கோப்பின் பெயரில் ஆண்டும் ஊரும் வீட்டுப் பெயரும்.

கணினியை மாற்றவிருப்போர் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்தெடுத்து வைப்பது நல்லது. யூனிகோடுக்கு மாற்றியபின் கெளரி, பெளர்ணமி, வெளவால் என்றும் ஒருமுறை தேடிப் பார்க்கலாம். எந்தச் 'சௌ'வைத் தேடினார்கள் என்பது பின்னால் தேடுபவர்களுக்குத்தான் தெரியும்.