பாஷை தெரியாத கணினி

நேற்று வரை நன்றாக வேலை செய்த ஒரு சாமான், அதில் ஓர் ஆணிகூடக் கழராமல், இன்று பழுது என்று பெயரெடுப்பது கணினி உலகத்தில் அடிக்கடி நடக்கிறது. சைக்கிள் ஓடாவிட்டால் சங்கிலியைப் பார்க்கிறோம். தண்ணீர்ப் பம்பி இழுக்காவிட்டால் வால்வைக் கழற்றுகிறோம். நல்ல ஸ்கேனர் ஒன்றைக் கணினி 'எனக்கு இதைத் தெரியாது' என்று சொல்லிவிட்டால் எதைக் கழற்றுவது?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. பலரைப் போல நானும் எனது லெப்டொப்பில் விண்டோஸ் 11 போடுவித்தேன். வவுனியாவிலிருந்து செட்டிகுளம் வந்து சேர்ந்து, ஸ்கேனரின் யூ.எஸ்.பி. வயரைச் செருகினேன். ஸ்கேனரில் விளக்கு எரிந்தது. கணினியில் படம் வரவில்லை.

வேறு நேரமென்றால் பொறுத்திருக்கலாம். அப்போது என் மேசையில் இருந்தது உம்மம்மாவின் அரபுத் தமிழ்க் கிதாபு. தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபியில் இல்லாத ட, ண, ழ, ள போன்ற ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டி நமது முன்னோர் ஆக்கிக்கொண்ட எழுத்து அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் அதில் எழுதியவற்றை இலங்கையிலும் தமிழகத்திலும் நமது பெண்கள் வீட்டிலிருந்தே ஓதி வந்தார்கள். எங்கள் பிரதியின் தாள் பிஸ்கட் போல உடைகிறது. ஒரு பக்கத்தை இருமுறை புரட்டினால் ஓரம் கையோடு வருகிறது. இன்னொரு மாரிகாலத்தை அது தாங்காது என்று எனக்குத் தெரியும்.

கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "சேர், அது பழைய மொடல். இனி வேலை செய்யாது. புதுசு ஒண்டு வாங்குங்க" என்றார் தம்பி. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் அது இலேசான சொல் அல்ல. அதைவிட, பழுது எங்கே என்று பாராமலே சாமானைத் தூக்கி வீசச் சொல்வதை மனம் ஏற்கவில்லை.

வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லாவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம் என்று ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கேள்வி காதில் விழவில்லை. அல்லது விழுந்தும் விளங்கவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. யூ.எஸ்.பி. விடயமும் அப்படித்தான்.

முதலில் காதைப் பார்க்க வேண்டும். வயரை மாற்றிப் பார்த்தேன். இடையில் 'ஹப்' எதுவும் இல்லாமல், லெப்டொப்பின் ஒவ்வொரு துளையிலும் நேரடியாகச் செருகினேன். எனது ஸ்கேனர் மின்சாரத்தையும் அந்த வயர் வழியாகவே எடுப்பது; துளை தளர்ந்திருந்தால் விளக்கு எரியும், வேலை நடக்காது. பின்னர் 'டிவைஸ் மனேஜர்' பக்கத்தைத் திறந்தேன். அங்கே 'அறியப்படாத யூ.எஸ்.பி. சாதனம்' என்றும் 43ஆம் இலக்கப் பிழை என்றும் இருந்தால், பெரும்பாலும் வயர், துளை, மின்சாரம் அல்லது சாதனத்திலேயே கோளாறு. எனது ஸ்கேனரோ மஞ்சள் முக்கோணத்துடன், தன் சொந்தப் பெயரோடு நின்றது. இலக்கம் 28.

இதில்தான் ஆறுதல் இருந்தது. யூ.எஸ்.பி. சாதனம் ஒன்றைச் செருகியவுடன் கணினி கேட்கும் முதல் கேள்வி 'நீ யார்?' என்பது. சாதனம் தன்னைச் செய்த கம்பனியின் இலக்கத்தையும் தன் மொடல் இலக்கத்தையும் சொல்லும். எனது ஸ்கேனர் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. அதனோடு பேசுவதற்கு வேண்டிய 'ட்ரைவர்' என்ற இயக்கி மென்பொருள்தான் கணினியிடம் இல்லை. கம்பனி கொடுத்திருந்தது 32 பிட் ட்ரைவர் மட்டுமே. முன்பு என்னிடமிருந்தது 32 பிட் விண்டோஸ் 10 ஆதலால் சமாளித்தது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் ட்ரைவரை உள்ளே எடுக்காது.

இந்த இடைஞ்சல் புதிதல்ல. செருகினால் போதும், வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே யூ.எஸ்.பி. வந்தது. பரோடாவில் படித்த அஜய் பட் இன்டெல்லில் முன்னின்று உழைத்த அந்த ஏற்பாட்டின் முதல் பதிப்பு 1996இல் வெளியானது. 1998 ஏப்ரல் 20ஆம் திகதி, சிக்காகோ கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98இன் பெருமையைக் காட்ட உதவியாளர் ஒரு ஸ்கேனரைத்தான் செருகினார். திரை நீலமாகி, கணினி நின்றுபோனது. பில் கேட்ஸுக்கே நடந்தது நமக்கு நடந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் "ட்ரைவர் இல்லையாம்" என்று முணுமுணுத்ததைக் கேட்ட பெரியும்மா, "ட்ரைவர் இல்லாட்டி வேற ஆளைப் பிடிங்க மகன். வண்டி நல்லம்தானே?" என்றார். எழுபத்தெட்டு வயதில் கணினியைத் தொட்டறியாத அவர் சொன்னதுதான் வழி.

'ட்ரைவர் இலவசம்' என்று இணையத்தில் கண்டதையெல்லாம் இறக்கினால் வைரஸ்தான் வரும். அந்தப் பக்கம் போகவில்லை. லினக்ஸ் உலகில் 'சேன்' என்றொரு திட்டம் உண்டு. கம்பனிகள் கைவிட்ட பல ஸ்கேனர்களுக்கும் தன்னார்வலர்கள் ட்ரைவர் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லா மொடலும் அதில் இல்லை. அவர்களது பட்டியலில் எனது மொடல் இருந்தது. உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, லெப்டொப்பில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கினேன். விண்டோஸ் தன்பாட்டில் இருந்தது. ஸ்கேனர் உறுமிக்கொண்டு நகர்ந்தது. கிதாபை மூன்று இரவுகளில், ஒவ்வொரு பக்கத்தையும் ஒரேயொரு முறை மட்டும் புரட்டி, 600 புள்ளி அடர்த்தியில் படமாக்கி, மூன்று வெவ்வேறு இடங்களில் பத்திரப்படுத்தினேன்.

அதன் பிறகுதான் பெரிய கேள்வி எழுந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பக்கத்தைக் காட்டினேன். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைகள், எழுத்துக் கூட்டினார்கள். இடையில் வந்த புள்ளி கூட்டிய எழுத்துகளில் தட்டுப்பட்டு நின்றார்கள். அது தங்கள் வீட்டுத் தமிழ் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. காது கேட்கிறது, விளங்கவில்லை. அங்கேயும் இலக்கம் 28தான்!

எங்கள் வீட்டில் அதைத் தடங்கலின்றி வாசிக்கக் கூடியவர் இன்று பெரியும்மா ஒருவரே. அவர் ஓத ஓத இப்போது கைப்பேசியில் பதிகிறேன். மேலதிக எழுத்துகளின் அட்டவணையொன்றைப் பிள்ளைகள் அவரிடம் கேட்டு எழுதி, வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் பெட்டகத்திலும் இப்படியொரு கிதாபு இருக்கக் கூடும். ஸ்கேனர் வேலை செய்யாவிட்டால் அவசரப்பட்டு வீசிவிடாதீர்கள். வேறு ட்ரைவர் கிடைக்கலாம். அதற்கு முன், அந்தக் கிதாபை வாசிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கு வேறு ஆள் பிடிக்க முடியாது.