செவ்வாய்க்காரனுக்குக் கிடைத்த மெட்டு

அக்டோபர் 11

ஜெஃப் வெய்னின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' இரட்டை இசைத்தட்டு சாரிட்டி கடையில் கிடைத்தது. உறையின் ஓரம் பிய்ந்திருக்கிறது, ஆனால் உள்ளே வரும் ஓவியப் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. செவ்வாய்க்காரர்கள் இங்கிலாந்தைத் தாக்கும் எச்.ஜி. வெல்ஸின் 1898 நாவலை ராக் இசையாக்கி 1978 ஜூனில் வெளியிட்டார்கள். மேடையேறியது 2006இல்தான். அதுவரை காதுக்கு மட்டுமேயான நாடகமாக இருந்திருக்கிறது. ஒரு வகையில் அதுதான் அதற்கு நல்லது என்று தோன்றுகிறது. செவ்வாய்க்காரர்களின் முக்காலி இயந்திரம் எவ்வளவு உயரம் என்பதைக் கேட்கிறவன் தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதல் பாட்டு 'தி ஈவ் ஆஃப் தி வார்'. ரிச்சர்ட் பர்ட்டன் தனிக்குரலில் நாவலின் தொடக்கத்தைச் சொல்லி முடிக்கிறார். அடுத்த நொடி வயலின்கள் எல்லாம் சேர்ந்து பாய்கின்றன. அதற்கடியில் டிஸ்கோ தாளம்! குதிரை வண்டி ஓடிய இங்கிலாந்து அழியும் கதைக்கு டிஸ்கோவா என்று முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. கூடாமல் குறையாமல், யாருக்காகவும் நிற்காமல் அடித்துக்கொண்டே போகிற தாளம் அது. வருகிறவர்களும் அப்படித்தான் வருகிறார்கள்.

செவ்வாயில் மனிதனைப் போன்ற எதுவும் இருக்க வாய்ப்பே இல்லை என்று வானியலாளர் ஓகில்வி சொல்வதாக நாவலில் ஓர் இடம் உண்டு. வெல்ஸ் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வெய்ன் அதைப் பிடித்து, செவ்வாயிலிருந்து எதுவும் வர வாய்ப்பில்லை என்று மாற்றிப் பல்லவியாக்கிவிட்டார். ஜஸ்டின் ஹேவர்ட் பாடுகிறார். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அந்த உறுதிமொழி இன்னும் கொஞ்சம் பொய்யாகிறது. நாவல் செய்ய முடியாத காரியம் இது. அச்சில் ஒரே வரியைப் பல தடவை எழுதினால் வாசகன் புத்தகத்தை மூடிவிடுவான்.

அக்டோபர் 12

செவ்வாயிலிருந்து வந்து விழும் உருளையின் மூடி திருகித் திறக்கும் சத்தத்துக்கு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஸ்டுடியோக் கழிவறையில் இரண்டு பாத்திரங்களை ஒன்றோடொன்று உரசி எடுத்தார்கள் என்பது இந்த ஆல்பத்தின் ரசிகர்கள் சலிக்காமல் சொல்லும் கதை. தெரிந்த பிறகும் முதுகு சில்லிடுகிறது.

மகள் வந்து ஒரு காதில் மட்டும் வாங்கிக் கேட்டாள். "அப்பா, இதுல கெட்டவங்களுக்குத்தான் நல்ல மியூசிக் கொடுத்திருக்காங்க" என்றாள். போய்விட்டாள். எனக்குத்தான் அதன் பிறகு வேறெதுவும் ஓடவில்லை.

அக்டோபர் 15

'ஃபார்எவர் ஆட்டம்.' காதலியைத் தொலைத்தவன் பாடும் பாட்டு. இலையுதிர் காலம், புல்லாங்குழல், ஹேவர்டின் கண்ணாடி போன்ற குரல். 1978இல் தனியாக வெளியாகி பிரிட்டிஷ் தரவரிசையில் ஐந்தாம் இடம் வரை போனது.

இதன் பூர்வீகம் வேடிக்கையானது. 1969இல் லெகோ பொம்மை விளம்பரத்துக்காக வெய்ன் போட்ட மெட்டு இது. அவர் அப்போது விளம்பர இசையில் கொடிகட்டிப் பறந்தவர். பிறகு கேரி ஆஸ்போர்னும் பால் விக்ராஸும் வரிகள் சேர்த்து 1972இல் பாடினார்கள். அதற்கும் பிறகுதான் செவ்வாய்க்காரர்களின் நடுவே வந்து உட்கார்ந்தது.

அது அங்கே ஒட்டவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒட்டாமைதான் பிடித்திருக்கிறது. வெல்ஸின் கதைசொல்லிக்கு மனைவி உண்டு, ஆனால் பெயர் கிடையாது. அவளை லெதர்ஹெட்டில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தபிறகு, அவளைப் பற்றி அவன் நினைப்பது கொஞ்சம்தான். அவனுக்கு வேடிக்கை பார்க்கும் கண்தான் பெரிது. வெய்ன் அவளைக் காதலியாக மாற்றிக் கேரி என்று பெயர் வைத்தார், தேடலைக் கொடுத்தார், இந்தப் பாட்டையும் கொடுத்தார். வெல்ஸ் வெற்றிடமாக விட்ட பக்கத்தில் பாட்டு வந்து குடியேறுகிறது. மற்றப் பாட்டுகளிலும் இப்படித்தானா என்று பார்க்க வேண்டும்.

அக்டோபர் 18, சனி

சர்பிட்டனில் ரயிலேறி வோக்கிங் போனேன். வெல்ஸ் 1895லிருந்து சிறிது காலம் குடியிருந்த ஊர். சைக்கிளில் சுற்றி, எந்தெந்த இடத்தை, எந்தெந்த மனிதரை அழிப்பது என்று குறித்து வைத்துக்கொண்டாராம். கடைத்தெருவில் ஏழு மீட்டர் உயரத்துக்குப் பளபளவென்று ஒரு முக்காலி நிற்கிறது. நாவலின் நூற்றாண்டுக்கு, 1998இல் வைத்தது. அதன் காலடியில் ஒருவர் கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

ஹார்செல் காமன் நடந்தே போகும் தூரம். முதல் உருளை விழுந்த மணற்குழி இருக்கிறது: பைன் மரங்கள், வெளிறிய மணல், நடுவில் கலங்கிய தண்ணீர். நாய்கள் இறங்கிக் குளிக்கின்றன. பயப்பட ஒன்றுமில்லை.

நான் எதிர்பாராதது குழிக்கு அருகிலேயே இருந்தது. செங்கல் சுவரும் குவிமாட வாசலும் வைத்த ஒரு மயானம். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்டு இறந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்காக 1917இல் கட்டியது. உடல்களை 1960களின் இறுதியில் புரூக்வுட்டுக்கு மாற்றிவிட்டார்கள். 2015லிருந்து அமைதிப் பூங்கா. ஊருக்குள் இருக்கும் ஷாஜகான் மசூதி இன்னும் பழையது, 1889. போபால் பேகம் பணம் கொடுத்தார். வெல்ஸ் அதையும் விட்டுவைக்கவில்லை. செவ்வாய்க்காரர்களின் அனல்கதிர் பட்டு மசூதியின் உச்சி காணாமல் போவது நாவலில் வருகிறது.

நாவலின் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் கேட்டுவிடுகிறார்: டாஸ்மேனியர்களை நாம் துடைத்தெறிந்தோமே, செவ்வாய்க்காரர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? அண்ணன் ஃபிராங்கோடு பேசியபோது பிறந்த யோசனை அது. புத்தகமும் அவருக்கே சமர்ப்பணம். பர்ட்டன் பேசும் தொடக்கத்தில் அந்த இடம் இல்லை. நாவலின் கொடுக்கே அதுதான், அதைப் பிடுங்கிவிட்டுத்தான் பாட்டுகளைத் தொடங்கியிருக்கிறார்கள். மயானத்து வாசலில் நின்றபோது அது உறுத்தியது. இல்லை, கோபமே வந்தது.

அக்டோபர் 19

'தி ஸ்பிரிட் ஆஃப் மேன்'. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் வாக்குவாதம். பாதிரியார் நத்தானியேலாக தின் லிஸியின் ஃபில் லினட், மனைவி பெத்தாக ஜூலி கவிங்டன். வந்தவர்கள் சாத்தான்கள் என்கிறார் அவர். மனிதனிடம் இன்னும் நல்லது மிச்சமிருக்கிறது என்கிறாள் அவள். நாவலில் அந்தப் பாதிரியாருக்கு மனைவியே இல்லை. இடிந்த வீட்டுக்குள் புலம்பிப் புலம்பிக் கதைசொல்லியின் உயிரை வாங்குவார், கடைசியில் அவன் இறைச்சி வெட்டும் கத்தியின் பின்பக்கத்தால் அவரை அடித்துச் சாய்ப்பான். அங்கே வெல்ஸ் இரக்கமே காட்டவில்லை.

லினட்டின் குரலில் மதவெறியும் இருக்கிறது, தாய்மடி தேடும் பிள்ளையும் இருக்கிறது. கவிங்டன் நேராக நின்று பாடுகிறார். அவளை வென்று முடிக்க உருளை ஒன்று வீட்டின்மேல் விழ வேண்டியிருக்கிறது. வாதத்தால் அவளைத் தோற்கடிக்க முடியவில்லை.

அக்டோபர் 23

மகள் சொன்னதை வைத்து மறுபடி கேட்டேன். மனிதர்களின் பாட்டுகள் எல்லாம் ஆறுதல், இல்லையென்றால் பிரிவு. செவ்வாய்க்காரர்களுக்கு வரிகள் இல்லை. கிட்டாரும் சிந்தசைசரும் 'உல்லா' என்ற கூவலும்தான். ஜோ பார்ட்ரிட்ஜ் கிட்டாரையும் வாயையும் ஒரு குழாயால் இணைத்து எழுப்பிய ஒலி. நாவலில் அந்தக் கூவல் இறுதியில், ஆளில்லாத லண்டனில், சாகிற ஜீவனின் அழுகையாகத்தான் கேட்கும். வெய்ன் அதை முன்னாலேயே கொண்டுவந்து போர்முழக்கம் ஆக்கிவிட்டார். அதனால் 'டெட் லண்டன்' வரும்போது, நம்மை அத்தனை நேரம் மிரட்டிய அதே ஒலி தளர்ந்து இழுபட்டு அறுந்து போகிறது. எதிரிக்காகத் தொண்டை அடைக்கிறது. டாஸ்மேனியாவை வெட்டிவிட்டார்கள் என்ற என் கோபம் இந்த இடத்தில் கொஞ்சம் தணிகிறது. வெல்ஸ் வாதமாகச் சொன்னதில் ஒரு பங்கை இந்தக் கிட்டார் பார்த்துக்கொள்கிறது.

'தண்டர் சைல்ட்' பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கிறிஸ் தாம்ப்ஸன் பாடும் கப்பற்படைப் பெருமை. கூட்டமாகப் பாட நன்றாக இருக்கும்.

நவம்பர் 1

'பிரேவ் நியூ வேர்ல்ட்' மட்டும் பாக்கி வைத்திருந்தேன். சாக்கடைகளிலும் சுரங்கங்களிலும் புது நாகரிகம் கட்டப்போவதாகக் கனவு காணும் பீரங்கிப்படை வீரன். டேவிட் எஸ்ஸெக்ஸ் பாடுகிறார். 1973இல் அவருடைய 'ராக் ஆன்' பாட்டைத் தயாரித்தவர் வெய்ன்தான், பேஸ் கிட்டார் அதிலும் இதிலும் ஹெர்பி ஃபிளவர்ஸ்.

நாவலில் இது முழுக்கக் கிண்டல். பட்னி ஹில்லில் அவன் ஒரு வாரம் தோண்டியதை ஒரே நாளில் தோண்டிவிடலாம் என்று கதைசொல்லி கணக்குப் போடுகிறான். மண்வெட்டி ஒரு மூலையில் கிடக்க, இருவரும் ஷாம்பெயின் குடித்துச் சீட்டாடுகிறார்கள். பாட்டிலும் அந்தப் பள்ளம் சிறியதுதான், கிண்டலும் இருக்கிறது. ஆனால் எஸ்ஸெக்ஸ் கண்ணை அகல விரித்துக்கொண்டு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, கிரிக்கெட் ஆட்டம் என்று அடுக்கிக்கொண்டே போகும்போது மெட்டும் கூடவே மாடி மாடியாக ஏறுகிறது. வெல்ஸ் அவனை நம்பவில்லை. வெய்ன் மூளையால் நம்பவில்லை, மெட்டால் நம்பிவிட்டார். மனிதர்களுக்கு என்று கிடைத்த பாட்டுகளில் செவ்வாய்க்காரர்களோடு சரிக்குச் சரி நிற்பது இது ஒன்றுதான், அதையும் ஒரு வாய்ச்சொல் வீரனிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நாசாவை வைத்து முடியும் பின்னுரையை இனிமேல் கேட்கப்போவதில்லை. நான்காம் பக்கத்தில் ஊசியை அதற்கு முன்பே தூக்கிவிடலாம்.