நாங்களும் எங்கள் தளைதட்டும் நிரலும்

எங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. நாங்கள் இருவர், ஒரே விடுதி அறையில் நான்காண்டுகள் கழித்து, கணிப்பொறியியல் பட்டத்தோடு வெளிவந்தவர்கள். ஒருவனுக்குக் கரிக்கோல் ஓவியம், மற்றவனுக்கு வெண்பா. நேர்முகத் தேர்வில் பொழுதுபோக்கைக் கேட்போரிடம் வெண்பா என்றால், வெண்பொங்கலுக்குத் தம்பியோ என்பதுபோல் பார்க்கிறார்கள். வேலை இன்னும் கிட்டவில்லை.

இந்தக் கிறுக்கு தாத்தாவிடமிருந்து தொற்றியது. எங்களுள் ஒருவனுக்கே அவர் பாட்டனார். மற்றவனும் விடுமுறைதோறும் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அவ்வூருக்குப் போய்த் தாத்தா என்றே அழைத்துப் பழகிவிட்டான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று திண்ணையில் அமர்த்திப் பாடஞ்சொன்னார். கேட்டவுடன் எங்களுக்குத் தோன்றியது ஒன்றே: இதை நிரலாக எழுதிவிடலாமே!

எளிதென்று எண்ணியது பிழை. கண்ணுக்குக் 'கா' ஓரெழுத்து. ஒருங்குறியிலோ ககரமும் துணைக்காலுமாக இரண்டு குறிகள். முதலில் அவற்றை ஒட்டவேண்டும். பிறகு குறில், நெடில், ஒற்று. அதன்பின் நேர், நிரை. சொல்லின் இடையிலும் கடையிலும் வரும் ஐகாரம் குறிலாகவே அலகுபெறும் என்பதை மறந்து ஒரு வாரம் அலைந்தோம். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றுள் ஒன்றா என்று பார்ப்பது மட்டும் ஒரு மாலையில் முடிந்தது.

நிரல் ஓடத் தொடங்கியதும் முதலில் இட்டது தாத்தாவின் பாடலைத்தான். முதலாண்டு விடுமுறையில் எங்கள் இருவரையும் வாழ்த்தி அவர் எழுதித் தந்த நேரிசை வெண்பா. சட்டமிட்டு அறைச்சுவரில் மாட்டியிருந்தோம். ஓரத்துக் கொடி எங்கள் ஓவியனுடையது.

மூன்று இடங்களில் தளை தட்டுகிறது என்றது நிரல்.

பதைத்துப்போனோம். இரண்டில் குற்றம் எங்களுடையது. 'வீடு எல்லாம்' என்பதுபோல் அவர் பதம்பிரித்து எழுதியிருந்த இடங்களில் குற்றியலுகரம் கெட்டு 'வீடெல்லாம்' என்றாகுமென நிரலுக்கு நாங்கள் சொல்லவில்லை. திருத்தினோம். மூன்றாவது நின்றது. மூன்றாம் அடியில் காய் முன் நிரை. தாளில் அலகிட்டுப் பார்த்தோம், கலித்தளையேதான்.

ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஆனால் எண்பது வயதானவரிடம், அதுவும் எங்களுக்கு யாப்பு அறிவித்தவரிடம், யார் சொல்வது? நிரலைப் பற்றி முன்பே பெருமையடித்திருந்தோம். காட்டச் சொல்வாரோ என்றஞ்சி அடுத்த இரு விடுமுறைகளில் மடிக்கணினியையே கொண்டுசெல்லவில்லை.

சென்ற பொங்கலன்று அவரே கேட்டார்.

"ஏண்டா, என் பாட்டை அதுக்குள்ள போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தோம் தாத்தா."

"மூணாவது அடியில நிக்குதா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழுதித் தந்த அன்றிரவே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். காலையில் கேட்டு வாங்குவதற்குள் நாங்கள் முதல் பேருந்தில் ஏறிவிட்டோமாம். "அப்புறம் சட்டம் போட்டுப் படம் அனுப்பிட்டீங்க. என்னத்தச் சொல்றது? ரெண்டு நாள் தூக்கமே வரல" என்றார்.

எங்கள் திருத்தத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"தளை சரியா வருது. எதுகை போச்சேடா" என்று தாளும் பேனாவும் கேட்டார். அன்றிரவு பத்து மணிவரை மூவரும் திண்ணையிலேயே இருந்தோம்.